வாசகர் கேள்வி – பதில்: வடகோடியில் ஒரு கம்பெனி ஊர்

நார்வேக்கு உரிய ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், வடதுருவத்திலிருந்து ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் லாங்இயர்பியன் என்னும் சிறு துறைமுக ஊருக்குச் சென்று வந்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். ‘இங்கே மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை போன்ற ரப்பர்த் தோட்டப் பட்டணத்தில் வளர்ந்தவனுக்கு அந்த ஊர் அவ்வளவு அந்நியமாகப் படாது’ என்று அதில் ஒரு வரி வந்தது. வந்த கடிதங்களில் பாதி அந்த வரியைப் பிடித்துக்கொண்டவை. மீதி பனிக்கரடி, விதைக் கிடங்கு, வேலை வாய்ப்பு என்று பலவாறாக இருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

விமானத்தை விட்டு இறங்கியதும் உங்கள் கண்ணில் முதலில் பட்டது எது, ஐயா? பனிமலையா, கடலா?
– ஆசிரியை ஒருவர், கூலிம்

குழாய்கள், அம்மா. மலையும் கடலும் எதிரே இருக்கத்தான் செய்தன. ஆனால் தரைக்கு மேலே கட்டைக்கால்களின் மீது வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்த தடித்த குழாய்களை விட்டு என் பார்வை நகரவில்லை. அங்கே நிலத்தின் மேற்பகுதி கோடையில் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்துக்கு இளகிச் சேறாகிறது. அதற்குக் கீழே ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கிறது. குழாயை மண்ணில் புதைத்தால், குளிர்காலத்தில் மண் மீண்டும் உறைந்து விரியும்போது அதை மேலே பிதுக்கி முறித்துவிடும். வீட்டைத் தரையோடு தரையாகக் கட்டினால், அடுப்பும் கணப்பும் தரும் சூடு கீழிறங்கி, உறைந்த நிலத்தை உருக்கி, வீட்டையே ஒருபக்கமாகச் சாய்த்துவிடும். அதனால் வீடுகள் தூண்களின் மேல் நிற்கின்றன, அடியில் காற்றுப் போகிறது, குடிநீரும் கழிவுநீரும் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீரும் ஊரார் கண்முன்னாலேயே ஓடுகின்றன. நம் பக்கத்து மலாய்க் கம்பத்து (கிராமத்து) வீடும் தூண்மேல்தான் நிற்கிறது. அது தண்ணீருக்கு அஞ்சி நிற்கிறது, இது தன் சூட்டுக்கே அஞ்சி நிற்கிறது.

நான் போனது ஜூலையில். ஏப்ரல் 20 வாக்கில் தொடங்கி ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவு கடந்த நேரத்தில் இரண்டு சிறுவர்கள் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் யாரும் அதட்டிக் கூப்பிடக் காணோம். குளிர் ஆறேழு பாகைதான். கேமரன் மலையில் மழைநாளில் நடுங்கியவர்கள் இன்னும் ஒரு சட்டை சேர்த்துப் போட்டுக்கொண்டால் சமாளித்துவிடலாம். விடுதியிலும் அருங்காட்சியகத்திலும் வாசலிலேயே காலணியைக் கழற்ற வேண்டும். சுரங்கத்திலிருந்து வந்தவர்களின் காலில் ஒட்டிய கரித்தூள் வீட்டுக்குள் வராமலிருக்க ஏற்பட்ட பழக்கம், சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிய பிறகும் தொடர்கிறது. அங்கே வந்த மற்ற வெளிநாட்டார் இதற்குத் தடுமாறினார்கள். எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

நான் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (கணக்கர்). நார்வேக்காரர்களின் ஊரை நம் தோட்டத்தோடு ஒப்பிட்டது மிகை என்பேன். அவர்கள் சொந்த நாட்டுக் குடிமக்கள், விரும்பிப் போனவர்கள். நம் பாட்டன்மார் ஆள் திரட்டிய கங்காணியின் கணக்கில் கப்பலேறி வந்தவர்கள். இரண்டும் எப்படி ஒன்றாகும்?
– சுங்கை சிப்புட் வாசகர்

உங்கள் மறுப்பில் பாதியை அப்படியே ஏற்கிறேன், ஐயா. ஆட்களைத் திரட்டிய கதை முற்றிலும் வேறு. அங்கே போனவர்கள் பெரும்பாலும் நார்வேயின் வடபகுதி இளைஞர்கள். சில பருவங்கள் உழைத்துப் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பலாம் என்று போனவர்கள், அவ்வாறே திரும்பியும் வந்தவர்கள். நம்மவர்களுக்குத் திரும்பும் வழி பெயரளவில்தான் திறந்திருந்தது. நான் ஒப்பிட்டது ஊர் அமைந்த விதத்தை.

அந்தத் தீவுகளில் பூர்வகுடிகள் என்று யாரும் இருந்ததில்லை. 1596இல் வில்லெம் பாரென்ட்ஸ் என்ற டச்சு மாலுமி கண்டு சொன்ன பிறகு, திமிங்கிலம் பிடிப்பவர்களும் வேட்டைக்காரர்களும் வந்து போனார்கள். 1906இல் ஜான் மன்றோ லாங்இயர் என்ற அமெரிக்க முதலாளியின் கம்பெனி, நிலக்கரி தோண்டுவதற்காகவே ஓர் ஊரை அங்கே தொடங்கியது. ஊருக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1916இல் ஸ்டோரே நோர்ஸ்கே என்ற நார்வே நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. சுரங்கம், வீடு, கடை, சாப்பாட்டுக்கூடம், படம் காட்டும் மண்டபம் எல்லாம் கம்பெனியுடையவை. கம்பெனி தானே அச்சிட்ட பணத்தாள்கள் அங்கே பல பத்தாண்டுகள் புழங்கின. தோட்டத்துக் கடையில் பற்று வைத்துச் சம்பள நாளில் கழித்துக்கொண்ட கணக்குகளை எழுதிய கை உங்களுடையது. அந்தப் பணத்தாளின் உள்நோக்கத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குடியிருப்பைப் பாருங்கள். அலுவலர்களுக்குச் சரிவில் மேட்டுப்பாங்கான இடம், அவர்களுக்கென்று தனிச் சாப்பாட்டுக்கூடம். அந்தக் கட்டடம் இன்று விலையுயர்ந்த விடுதி. தொழிலாளர்களுக்குப் பள்ளத்தாக்கின் கோடியில், நியூபியன் என்னும் பகுதியில், வரிசையாக நீண்ட மரக் கொட்டடிகள். அவற்றுள் ஒன்று இப்போது குறைந்த வாடகை விடுதியாக இருக்கிறது. நான் தங்கியது அங்கேதான். நடுவே குறுகிய நடைவழி, இருபுறமும் அறைகள், பொதுச் சமையலறை. அறையின் சன்னலைத் திறந்தால் கருஞ்சரிவும், அதில் பாதி உயரத்தில் வாய் பிளந்து நிற்கும் பழைய சுரங்கமும். துரை பங்களா மேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் பள்ளத்தில் என்ற வரைபடத்தைப் போட்டவன் இரண்டு ஊருக்கும் ஒருவனோ என்றுகூடத் தோன்றியது.

குடியில்கூட இந்தப் பிரிவு பதிந்திருக்கிறது. ஊர்வாசிகளுக்கு இன்றும் மதுப் பங்கீட்டு அட்டை உண்டு. மாதத்துக்கு இருபத்துநான்கு பீர், இரண்டு புட்டி சாராயம் என்பது அளவு. சாதாரண வைனுக்கு அந்தக் கட்டு இல்லை. பீரும் சாராயமும் சுரங்கத் தொழிலாளி குடித்தவை, வைன் அலுவலர் குடித்தது, சட்டத்தை எழுதியவர் அலுவலர் என்பது ஊரார் சொல்லும் விளக்கம். நம் தோட்டத்தில் கள்ளுக்கடைக்கு நேரம் குறித்த துரையின் கிளப்புக்கு யார் நேரம் குறித்தார்கள்?

வேறுபாடுகளையும் சொல்லத்தான் வேண்டும். 1920 ஜனவரியில் முதலாம் எண் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் 26 பேர் இறந்தார்கள். அவர்கள் வரலாற்றில் எண்ணப்பட்டவர்கள். மலாயாவில் காடு வெட்டித் தோட்டம் போட்ட காலத்தில் மலேரியாவில் மடிந்த நம்மவர்களுக்கு அந்த எண்ணிக்கைகூட ஒழுங்காக வாய்க்கவில்லை. 1976இல் நார்வே அரசே கம்பெனியை வாங்கியது. ஆனாலும் ஊரார் தேர்ந்தெடுத்த மன்றம் ஒன்று ஊரை நிர்வகிக்கத் தொடங்கியது 2002இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். சொந்த நாட்டுக் குடிமக்களாகவே இருந்தும், கம்பெனி ஊரில் குடியிருந்த வரையில் ஊரை நிர்வகிக்கும் மன்றத்துக்கு வாக்களிக்க அவர்கள் அத்தனை காலம் காத்திருந்தார்கள்.

அந்த ஊரில் சாகக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாமே! வாட்ஸ்அப்பில் வந்தது.
– ரவாங் வாசகி

அப்படி ஒரு சட்டம் இல்லை. இந்தக் கதைக்கு வேர் மட்டும் உண்டு. உறைந்த நிலத்தில் புதைத்த உடல் எளிதில் மட்குவதில்லை. நிலம் உறைந்தும் இளகியும் அசையும்போது பெட்டி மெல்ல மேலே தள்ளப்படுகிறது. அதனால் 1950 வாக்கிலிருந்தே அங்குள்ள இடுகாட்டில் சவப்பெட்டியைப் புதைப்பதில்லை. தகனம் செய்த சாம்பலைக் கலசத்தில் வைத்து, அனுமதி பெற்று, அடக்கம் செய்யலாம். 1918ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சலில் இறந்த ஏழு இளம் தொழிலாளர்களின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. அந்தக் கிருமி உறைபனியில் கெடாமல் இருக்குமோ என்று தேடி 1998இல் ஆய்வாளர்கள் அவற்றைத் தோண்டினார்கள். எதிர்பார்த்த அளவுக்கு உடல்கள் கெடாமல் இருக்கவில்லை. மலைச் சரிவில் வெள்ளைச் சிலுவைகள் சில வரிசையாக நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

சாவைவிடப் பிறப்புத்தான் அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. சிறிய மருத்துவமனை ஒன்று இருக்கிறது. ஆனால் நிறைமாதப் பெண்கள் சில வாரங்களுக்கு முன்பே நார்வே பெருநிலத்துக்குப் போய்விட வேண்டும். முதியோரைப் பராமரிக்கும் இல்லமும் கிடையாது. தள்ளாமை வந்தால் வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்.

பனிக்கரடியைப் பார்த்தீர்களா?
– பள்ளி மாணவன், பாகான் செராய்

இல்லை, தம்பி. பார்க்காததே நல்லது. ஊர் எல்லையில் கரடிப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. அதைத் தாண்டிப் போகிறவர்கள் கரடியை விரட்டும் கருவி வைத்திருக்க வேண்டும், பெரும்பாலோர் துப்பாக்கியும் கொண்டுபோகிறார்கள். 2025 முதல் கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்று சட்டம். நான் அருகில் பார்த்தது கலைமான்களைத்தான். குட்டைக் காலும் தடித்த உடம்புமாக, பள்ளிக்கூட வேலியோரம் புல் மேய்ந்துகொண்டு, ஆளைக் கண்டால் தலையைக்கூடத் தூக்காமல் நின்றன. பூனை வளர்க்க அங்கே தடை. தரையில் கூடு கட்டும் பறவைகளைக் காக்க.

உலகத்து விதைகளை எல்லாம் சேமித்து வைக்கும் கிடங்கு அந்த ஊரில்தான் இருக்கிறது என்று படித்தேன். எங்கள் ஊர் மாவட்ட அலுவலகத்தருகே நிற்கும் பழைய ரப்பர் மரத்தின் விதையும் அங்கே பத்திரமாக இருக்குமா?
– கோலகங்சார் வாசகர்

கேட்டவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இருக்காது, ஐயா, இருக்கவும் முடியாது.

2008 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அந்தக் கிடங்கு, விமான நிலையத்துக்கு மேலே உள்ள மலையின் உள்ளே நூறு மீட்டருக்கும் அதிகமான தொலைவில் குடையப்பட்டது. மலையே இயற்கையாக உறைநிலைக்குக் கீழேதான் இருக்கிறது. இயந்திரம் வைத்து அதை −18 பாகைக்குக் குளிர்விக்கிறார்கள். பதின்மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் இருக்கின்றன. பிலிப்பீன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தின் நெல் வகைகளும் அவற்றுள் அடங்கும். பெட்டியை யார் அனுப்பினார்களோ அவர்களுக்கே அது சொந்தம். மற்றவர் திறக்க முடியாது. சிரியா போரினால் தன் சேமிப்பை அணுக முடியாமல் போன ஓர் ஆய்வு நிலையம் 2015இல் முதன்முதலாகத் தன் விதைகளைத் திரும்ப எடுத்தது. பயணிகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. மலையிலிருந்து ஆப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் காங்கிரீட் வாசலை வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நானும் அவ்வளவே செய்தேன்.

நெல்லையும் கோதுமையையும் நன்றாக உலர்த்தி உறையவைத்தால் பல பத்தாண்டுகள் முளைக்கும் திறனோடு இருக்கும். ரப்பர், தேங்காய், துரியான், ரம்புத்தான் போன்றவற்றின் விதைகள் ஈரத்தோடுதான் உயிர் வாழும்; உலர்த்தினால் சாகும், உறையவைத்தாலும் சாகும். ரப்பர் விதைக்குச் சில வாரங்கள்தான் ஆயுள். 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை அவசர அவசரமாக இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தும், முளைத்தவை மிகச் சிறு பங்கே. அவற்றின் வழிவந்த கன்றுகளில் 22 மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. ஒன்பது உங்கள் ஊருக்கு வந்து நடப்பட்டன. அவற்றுள் எஞ்சிய ஒன்றைத்தான் நீங்கள் தினமும் கடந்து போகிறீர்கள். அந்த இனத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மரமாகவே வளர்த்து வைப்பதுதான் வழி. நம் மூன்று தலைமுறையின் வாழ்க்கையை நிர்ணயித்த மரத்துக்கு அந்தப் பனிக்குகையில் இடமில்லை என்பது எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது, சற்று வருத்தமாகவும் இருந்தது.

எங்கள் ஊரிலும் ஒரு காலத்தில் நிலக்கரிதான். சுரங்கம் மூடியதும் ஊர் ஓய்ந்துவிட்டது. அங்கே இப்போது கரி தோண்டுகிறார்களா?
– பத்து ஆராங் வாசகர்

தோண்டவில்லை. 2025ஆம் ஆண்டின் நடுவில் ஏழாம் எண் சுரங்கம் மூடப்பட்டது; நார்வே அங்கே நடத்திவந்த கடைசிச் சுரங்கம் அது. ஊருக்கு மின்சாரமும் வெந்நீரும் தந்த நிலக்கரி மின்நிலையம் அதற்கு முன்பே, 2023 அக்டோபரில், டீசலுக்கு மாறிவிட்டது. கரி மலைக்கு மேல் உட்கார்ந்துகொண்டு கப்பலில் வரும் டீசலை எரிக்கிறார்கள்.

உங்கள் ஊரில் 1915இல் தொடங்கிய உற்பத்தி 1960இல் நின்றபோது, அரசு இன்னொரு வாழ்வைக் கொண்டுவந்து இறக்கவில்லை. பிள்ளைகள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள். லாங்இயர்பியனுக்கு அந்த நிலை வரவில்லை. 1993இல் அங்கே ஒரு பல்கலைக்கழக மையம் திறக்கப்பட்டது, சுற்றுலா வளர்ந்தது, கோடையில் பெரிய உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அந்தத் தீவுகளில் மக்கள் குடியிருக்க வேண்டும் என்பது நார்வே அரசின் கொள்கை. ஆகவே கம்பெனி போனாலும் அரசு விடாது. காரணம் கருணை என்று நான் நினைக்கவில்லை. ஆள் இல்லாத தீவின் மேல் உரிமை பேசுவது கடினம் என்ற கணக்குத்தான்.

இன்னொன்று உங்களுக்குப் பிடிக்கும். 1946க்கு முற்பட்ட மனிதச் சுவடு எதுவானாலும், துருப்பிடித்த ஆணியே ஆனாலும், அங்கே சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் குற்றம். கரியைச் சுரங்கத்திலிருந்து துறைக்குக் கொண்டுவந்த கம்பிவடப் பாதையின் மரத்தூண்கள் பள்ளத்தாக்கு நெடுக வெயிலில் வெளுத்து நிற்கின்றன. சிலவற்றில் இரும்புத் தொட்டிகள் இன்னும் தொங்குகின்றன. ஒன்றின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன், விளிம்பு நெளிந்து, அடித்தகடு காகிதம்போல் அரித்துப்போய், ஓட்டை வழியே வானம் தெரிந்தது. நம் பக்கத்தில் லயங்களை ஒரே காலைப்பொழுதில் இயந்திரம் வைத்துத் தள்ளி, அந்த இடத்தில் அடுக்குமாடி எழுப்பிவிடுகிறோம். காலையில் பெயர் கூப்பிட்ட ஒரு பிரட்டுக் களத்தையோ, குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஓர் ஆயக்கொட்டகையையோ இருந்தபடியே காத்து வைத்த தோட்டம் எதுவும் என் கண்ணில் படவில்லை. இருந்தால் எழுதுங்கள், போய்ப் பார்க்கிறேன்.

அங்கே வேலை செய்ய விசாவே தேவையில்லை என்கிறார்களே, உண்மையா? நம் பிள்ளைகள் போகலாமா?
– காப்பார் வாசகர்

உண்மை. 1920இல் பாரிசில் கையெழுத்தாகி 1925இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கைப்படி, தீவுகளின் ஆட்சி நார்வேயுடையது. ஆனால் கையெழுத்திட்ட நாடுகளின் குடிமக்கள் அங்கே சமமாகத் தொழில் நடத்தலாம். நடைமுறையில் எந்த நாட்டவரானாலும் விசா கேட்பதில்லை. பயணம் ஆஸ்லோ அல்லது டிரோம்சோ வழியாக இருப்பதால் நார்வே பெருநிலத்துக்குள் நுழைய உரிமை வேண்டும். மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் நார்வே உள்ளிட்ட ஐரோப்பியப் பொது நுழைவுப் பகுதியான ஷெங்கன் நாடுகளில் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம் என்பதால் சுற்றிப் பார்க்கத் தடை இல்லை. ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால் கடப்பிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

வேலைக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகள் மேலும் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் ஏறக்குறைய 2,500 பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளிநாட்டார். தாய்லாந்துக்காரர்களும் பிலிப்பீன்ஸ்காரர்களும் நிறைய. விடுதியில் எனக்குத் துண்டு கொடுத்தவரும், கடையில் கணக்குப் போட்டவரும், உணவகத்தில் மிளகாய் இருக்கிறதா என்று கேட்டதும் முகம் மலர்ந்து உள்ளே ஓடியவரும் அவர்களே. வீடுகளில் பெரும்பகுதி வேலை கொடுப்பவரின் கையில் இருக்கிறது. வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் ஊரை விட்டே போக வேண்டும். தன் செலவைத் தானே தாங்க முடியாதவரை ஆளுநர் வெளியேற்றலாம். எத்தனை ஆண்டு அங்கே உழைத்தாலும் அது நார்வேயில் குடியுரிமைக்கான காலமாகக் கணக்கில் சேராது. 2022இல் விதியை மேலும் இறுக்கினார்கள்: நார்வே பெருநிலத்தில் மூன்று ஆண்டு வாழ்ந்திராத வெளிநாட்டவர் அந்த ஊர் மன்றத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. பத்து, பதினைந்து ஆண்டாக அங்கேயே குடும்பம் நடத்திப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பலர் அதனால் வாக்கு இழந்தார்கள்.

இதைப் படிக்கும்போது குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் கழித்த தாத்தா பாட்டிகளை நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலின்போது, இருந்த வீடு கம்பெனி வீடு என்ற ஒரே காரணத்தால், பால் மரத்தையே நம்பியிருந்த குடும்பங்கள் சட்டிபானையோடு சாலைக்கு வந்தன; அதைக் கண்டுதான் அன்றைய மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியின் பணத்தில் தொழிலாளிக்கே தோட்டம் வாங்கினார். சுங்கை சிப்புட் கிராணி ஐயாவுக்கு இங்கேயும் ஒரு பதில் இருக்கிறது: இன்று அந்த ஊரில் நம் பாட்டன்மாரின் இடத்தில் இருப்பவர்கள் நார்வேக்காரர்கள் அல்லர், அவர்களுக்கு அறை பெருக்கும் ஆசியர்கள். சம்பளம் நல்ல சம்பளம், வரியும் குறைவு. சில ஆண்டு உழைத்துச் சேர்த்துக்கொண்டு திரும்புகிறேன் என்றால் போகலாம். வேரூன்றலாம் என்று போக வேண்டாம்.

அறுபது வயது தாண்டிய என் அம்மாவை அழைத்துப் போக ஆசை. முழங்கால் வலி உண்டு, சைவச் சாப்பாடு. எந்த மாதம் நல்லது?
– தெலுக் இந்தான் வாசகி

ஜூலை அல்லது ஆகஸ்டு. மார்ச்சில் பனி அழகாக இருக்கும். மாதக்கணக்கில் கண்ணில் படாமலிருந்த சூரியன் மார்ச் 8 வாக்கில் ஊருக்குள் எட்டிப் பார்ப்பதை ஒரு வாரம் விழாவாகவே கொண்டாடுகிறார்கள். ஆனால் அப்போது தெருவெல்லாம் உறைபனி. முழங்கால் வலி உள்ளவர்கள் வழுக்கி விழ வாய்ப்பு அதிகம். கோடையில் கடைத்தெருவும் அருங்காட்சியகமும் நடக்கும் தொலைவில் இருக்கின்றன. மற்ற இடங்களுக்கு வாடகை வண்டி கிடைக்கும். மலைகளுக்கிடையே நீளும் கடற்கழியான ஃபியோர்டுக்குள் படகில் போகும் பயணங்களில் உட்கார்ந்தபடியே பனியாற்றின் முகப்பைப் பார்த்துவிடலாம். சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். காய்கறி எல்லாம் கப்பலிலும் விமானத்திலும் வருவதால் விலை எட்டாத உயரத்தில் இருக்கும். அரிசி கிடைக்கும், பருப்பும் கிடைத்தது, கறிவேப்பிலையை எதிர்பார்க்க வேண்டாம். சாம்பார்ப் பொடியும் ஊறுகாயும் இறுக மூடிய உறையில் பெட்டிக்குள் இருக்கட்டும். அம்மாவுக்குக் கழற்றி மாட்ட எளிதான காலணியாகப் பாருங்கள். ஒரு நாளில் பலமுறை கழற்ற வேண்டிவரும். உள்ளே போட்டுக்கொள்ளத் தடித்த காலுறையும் இரண்டு சோடி எடுத்துக்கொள்ளுங்கள்.